பின் தாழ்வாரம், மேற்குச் சுவர்

கார்வெல் துரையின் தோட்ட வீட்டு வாசலில்
"கொக்கு பங்களாலாம் எறங்கு" என்கிறார் நடத்துனர்.
கொக்கு இல்லை. துரையும்.
அடையாற்றுப் பக்கம் ஒரு மதில், மதிலுக்கு அப்பால்
செல்பேசிக் கோபுரம், மாவு மில்.

அளவெடுக்க வந்து இன்றோடு ஒன்பது நாள்.
நாடாவின் ஒரு முனை காவலாளி எத்திராஜுலு கையில்,
மறுமுனை என்னிடம்.
வீடு அடியிலும் அங்குலத்திலும் நினைக்கிறது,
நாடா மில்லிமீட்டரில் பேசுகிறது,
நடுவில் துபாஷி வேலை எனக்கு.

முகப்பில் பன்னிரண்டு தூண்.
தெருவிலிருந்து பார்த்தால் பளிங்கு,
கிட்டப் போனால் சுண்ணாம்பு,
விரிசலில் விரலை விட்டால் செங்கல்.
கிரேக்கக் கோயில் வேண்டுமென்ற துரைக்கு
நம் கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு அரைத்துப் பூசி
முட்டை வெண்கருவில் மெருகேற்றித் தந்திருக்கிறார்கள்.
எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கணக்கே இருக்கிறது:
முட்டை ஆறாயிரத்து நானூறு. தயிர். கருப்பட்டி.
மசூலாப் படகில் இறங்கிய கண்ணாடி விளக்கு இரண்டு,
ஒன்று அலையோடு போயிற்று.

மேலே மெட்ராஸ் தளம்.
தேக்கு உத்தரத்தின்மேல் மூலைவாட்டாய் நிறுத்திய குறுஞ்செங்கல்.
இருநூறு ஐப்பசி கண்டும் ஒழுகுவது ஓரிடத்தில்தான்,
அதுவும் எழுபத்துநாலில் யாரோ குழாய் இறக்கிய ஓட்டையில்.
துரைக்குப் பின் அவுரி வியாபாரி, அப்புறம் ஒரு ஜமீன்,
அப்புறம் ரேஷன் அலுவலகம்.
நடனக் கூடத்தில் இன்னும் மண்ணெண்ணெய் வாடை.

பாதுகாக்கப்பட்ட கட்டிடம், நிலை ஒன்று.
படிவம் சிறப்பம்சங்களைக் கேட்கிறது.
தூண், வளைவு, சுழல் படிக்கட்டு, மரப்பட்டை ஜன்னல்.
எழுதிக்கொண்டே வந்தவள்
சாப்பாட்டு அறையில் நின்றேன்.
மேற்குச் சுவரில், தலைக்கு மேலே, ஒரு துளை.
"எலியா?"
எத்திராஜுலு பேசாமல் கூரைக் கொக்கியைக் காட்டினார்.
கொக்கியிலிருந்து துளை, துளைக்கு அந்தப் பக்கம்
பின் தாழ்வாரம்.
பங்காக் கயிறு போன வழி.

அங்கே சுவர்
முகப்புத் தூணைவிட மின்னுகிறது.
உள்ளங்கையால் தடவினேன், முதுகளவு ஒரு குழிவு.
தரையில் குதிகால் ஊன்றிய இடத்தில்
கிண்ணம்போல் இன்னொன்று.
கயிற்றைக் கட்டைவிரலில் மாட்டிக் காலை ஆட்டி ஆட்டி.

நானே உட்கார்ந்து சாய்ந்து பார்த்தேன்.
பொருந்தவில்லை.
தலை பட்டுப் பட்டுக் கருத்த வட்டம்
என் தோளுக்குக் கீழே இருந்தது.
நாடாவை வைத்தேன். ஐந்நூற்று நாற்பது.
எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
அடியில் சொன்னால் ஒன்றே முக்கால்,
வயதில் சொன்னால்
எட்டு இருக்கும்.

முட்டைக் கணக்குக்கு அடுத்த பக்கத்தில்
"பங்காவுக்கு இரண்டு" என்று ஒரு வரி இருந்தது.
விசிறித் துணி என்று நினைத்துப் புரட்டிவிட்டிருந்தேன்.

வரைபடக் குறியீடுகளில்
விரிசலுக்குக் கோடு உண்டு, கசிவுக்குப் புள்ளி,
கரையானுக்கும் அரச வேருக்கும்கூட உண்டு.
இதற்கு இல்லை.
மதிப்பீட்டிலோ ஏற்கெனவே ஏறிவிட்டது:
பின் தாழ்வாரம், தேய்ந்த பூச்சைக் கொத்திப் புதிதாய்ப் பூச,
பதினெட்டு சதுர மீட்டர்.
எழுதியது நான்தான். இரண்டாம் நாள்,
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து.

மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று.
எத்திராஜுலு டீ வாங்கப் போனார்.
படிவத்தை மடித்து விசிறிக்கொண்டேன்.
கை மாற்றினேன், மறுபடி மாற்றினேன்.
கடிகாரத்தில் நாலு நிமிடம்.

பதினெட்டை அடித்துப் பதினாறரை ஆக்கினேன்.
காரணம் என்ற கட்டத்தில்,
பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டுக்குச் சொல்வதுபோல,
ஆள் இருக்கு.